சிறு விவசாயிக்குப் பழைய சரக்கு வண்டியே போதும்

காய்கறி, பூ, பால் மூன்றும் காத்திருக்காத பொருள்கள். விடியற்காலையில் மல்லிகைக்குக் கிடைக்கும் விலை வெயில் ஏறிய பிறகு கிடைப்பதில்லை. பழுத்த தக்காளி ஒரு நாள் தோட்டத்தில் தங்கினால் மறுநாள் அதன் தரமே வேறு. இந்த நிலையில், வருவதாகச் சொன்ன வாடகை வண்டிக்காரர் வேறு லோடுக்குப் போய்விட்டால், விவசாயி பெட்டிகளை அடுக்கி வைத்துவிட்டுச் சாலையைப் பார்த்து நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. சொந்த வண்டி வாங்கியே தீருவது என்ற எண்ணம் பெரும்பாலும் அப்படி ஒரு நாளில்தான் உறுதிப்படுகிறது. எண்ணத்தில் தவறில்லை. ஆனால் ஆத்திரத்தில் வாங்கிய வண்டி, ஆத்திரம் தணிந்த பிறகும் மாதாமாதம் தவணை கேட்கும்.

இரண்டு, மூன்று ஏக்கர் வைத்திருக்கும் விவசாயியின் முதல் சரக்கு வண்டி பழையதாகவும், சிறியதாகவும், உள்ளூர் மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டக் கூடியதாகவும் இருப்பதே நல்லது. புதிய வண்டியின் மதிப்பு முதல் மூன்று, நான்கு ஆண்டுகளில்தான் வெகுவாகக் குறைகிறது. அந்த நஷ்டத்தை வேறொருவர் ஏற்றுக்கொண்ட பிறகு வண்டியை வாங்குவது, விளைச்சலையும் விலையையும் நம்பிக் காலம் தள்ளுபவருக்கு ஏற்ற வழி. இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் ஒன்றுண்டு. பழைய வண்டி நடுவழியில் நின்றுவிடும் என்பது அது. நிற்கும்தான். பார்த்து வாங்காத வண்டி நிற்கும்.

வண்டி வேண்டுமா என்பதே முதல் கேள்வி

வண்டி வாங்குமுன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, கடந்த ஓராண்டில் எத்தனை நடை வாடகை வண்டி பிடிக்கப்பட்டது, ஒவ்வொரு நடைக்கும் என்ன கொடுக்கப்பட்டது என்று எழுத வேண்டும். நினைவிலிருந்து சொல்லும் எண்ணிக்கை எப்போதும் அதிகமாகவே இருக்கும். அறுவடை மாதத்தில் தினம் ஒரு நடை போனது மனத்தில் நிற்கிறது. அடுத்த நான்கு மாதம் ஒரு நடையும் போகாதது நிற்பதில்லை.

கணக்குக்காக ஒரு பழைய சிறு சரக்கு வண்டியின் விலை இரண்டரை லட்சம் ரூபாய் என்று கொள்ளலாம். ஐந்து ஆண்டு ஓட்டிவிட்டு ஒரு லட்சத்துக்கு விற்றால், ஆண்டுக்குத் தேய்மானம் 30,000 ரூபாய். இன்சூரன்ஸ், வரி, எப்.சி. செலவு 25,000. டயர், ஆயில், பழுது 30,000. அந்தப் பணத்தை வேறு வழியில் போட்டிருந்தால் வந்திருக்கக்கூடிய வட்டி 20,000. ஆக, வண்டி கொட்டகையில் நின்றாலும் ஓடினாலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,05,000 ரூபாய் அதற்குப் போகிறது. போய்வர 50 கிலோமீட்டர் உள்ள சந்தைக்கு வாடகை 1,200 ரூபாய் என்றும், சொந்த வண்டிக்கு டீசல் 300 ரூபாய் என்றும் கொண்டால், நடை ஒன்றுக்கு மிச்சம் 900. 1,05,000 ரூபாயை ஈடுகட்ட ஆண்டுக்கு 117 நடை ஓட வேண்டும். அதாவது மூன்று நாளைக்கு ஒரு நடை.

இதுவும் விவசாயியோ அவர் மகனோ ஓட்டினால்தான். நடைக்கு 600 ரூபாய் கொடுத்து டிரைவர் வைத்தால் மிச்சம் 300 ஆகிவிடும். அப்போது 350 நடை வேண்டும். மூன்று ஏக்கர் தோட்டத்தில் 350 லோடு விளைவதில்லை. அவரவர் ஊர் வாடகையையும் டீசல் விலையையும் போட்டு இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்ப்பது, வண்டியைச் சுற்றி நான்கு முறை வருவதைவிட முக்கியம்.

தினசரி பால், பூ, கீரை, காய் எடுத்துச் செல்பவருக்கு இந்தக் கணக்கு எளிதில் கட்டுபடியாகும். ஆண்டுக்கு ஒரு முறை மஞ்சளும், இரண்டு முறை நெல்லும் ஏற்றுபவருக்கு எந்த நாளும் கட்டுபடியாகாது. அவர் வாடகை வண்டியிலேயே தொடர்வதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. இடைப்பட்டவர்கள், பக்கத்துத் தோட்டத்துச் சரக்கையும் ஏற்றிக்கொண்டு போக வாய்ப்பிருக்கிறதா என்று பார்க்கலாம். ஆனால் "ஊரில் எல்லோரும் கூப்பிடுவார்கள்" என்ற நம்பிக்கையைக் கணக்கில் பாதியாகவே எழுத வேண்டும். அறுவடை எல்லோருக்கும் ஒரே வாரத்தில்தான் வருகிறது. தன் சரக்கை இறக்கிவிட்டு வருவதற்குள் பக்கத்துத் தோட்டக்காரர் வேறு வண்டி பிடித்திருப்பார்.

அண்ணன் தம்பி, பங்காளிகள் கூட்டாக வாங்குவதும் நடைமுறையில் உள்ளது. ஆர்.சி. புத்தகத்தில் ஒருவர் பெயர்தான் வரும். பணம் போட்டது இருவர் என்பதற்கு அங்கே இடமில்லை. கூட்டாக வாங்குவதானால் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் பெயரில் வாங்குவது ஒழுங்கு. அது முடியாதபோது, யார் எந்த நாள் எடுப்பது, டயர் வெடித்தால் யார் பணம் போடுவது என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுபவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

எந்த வண்டி

2005-ல் டாட்டா ஏஸ் வந்த பிறகுதான் கிராமத்துச் சிறு சரக்குப் போக்குவரத்தின் முகமே மாறியது. மக்கள் அதற்குக் குட்டி யானை என்று பெயர் வைத்தார்கள். இரண்டு சிலிண்டர், 702 சி.சி., 16 குதிரைத்திறன் என்ற அளவில் வந்த அந்தத் தொடக்க கால டீசல் இஞ்சினைப் பிரிக்கத் தெரியாத மெக்கானிக் தமிழ்நாட்டில் குறைவு. உதிரிப் பாகம் சிறு நகரங்களிலும் கிடைக்கிறது. முக்கால் டன் சரக்கு ஏற்றிச் சமவெளியில் ஓட்டுபவருக்கு அது போதுமானது. 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் ஒன்றேகால் டன் ஏற்றும். மகேந்திரா பொலேரோ பிக்கப் அதைவிடக் கனமான வேலைக்கும் மேட்டுப் பாதைக்கும் ஏற்றது. 2016-ல் வந்த மாருதி சூப்பர் கேரியின் பெட்ரோல் வண்டி சத்தமும் அதிர்வும் குறைந்தது. முக்கால் டன்னுக்கு உள்பட்ட காய்கறி, பூ, முட்டை லோடுக்கு ஒத்துவரும்.

ஏற்காடு, கொடைக்கானல், நீலகிரி போன்ற மலைப் பகுதி விவசாயிகள் பழைய இரண்டு சிலிண்டர் வண்டியை விலை மலிவு என்று வாங்குவது சரியன்று. பாரத்துடன் ஏற்றத்தில் முதல் கியரிலேயே முனகிக்கொண்டு போகும் வண்டியின் கிளட்சும் இஞ்சினும் விரைவில் தேய்ந்துவிடும். இறக்கத்தில் பிரேக்கின் பாடு அதைவிட மோசம். மாறாக, உழவர் சந்தைக்கு 15 கூடை காய் கொண்டு செல்லும் சமவெளி விவசாயி, ஊரில் மிராசுதாரர் வைத்திருக்கிறார் என்பதற்காகப் பெரிய பிக்கப் வாங்கினால், டயர் மாற்றும் நாளில்தான் அந்தப் பெருமையின் விலை தெரியவரும். மூன்று சக்கர லோடு ஆட்டோ, அரை டன்னுக்குள் நல்ல சாலையில் குறைந்த தூரம் போகிறவருக்குச் சரி. பெட்டிகளை உயர அடுக்கிக்கொண்டு வளைவுகளில் போவதற்கு அது ஏற்றதன்று.

வண்டி எவ்வளவு தாங்கும் என்பதை விற்பவரிடம் கேட்க வேண்டாம். ஆர்.சி.யில் வெற்று எடை, மொத்த எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவது அனுமதிக்கப்பட்ட பாரம். வண்டியில் ஏறும் ஆட்களின் எடையும் அதற்குள் அடக்கம். 25 கிலோ தக்காளி கொண்ட பிளாஸ்டிக் பெட்டி, காலிப் பெட்டியின் எடையையும் சேர்த்தால் ஏறத்தாழ 27 கிலோ. முக்கால் டன் வண்டிக்கு 27 பெட்டிதான் கணக்கு. இதே வண்டியில் 50 பெட்டி ஏற்றிப் போவதைத் தினமும் சாலையில் பார்க்கலாம். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, மிகைப் பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். ஒரு நாள் பிடிபட்டால் அந்தப் பருவத்து மிச்சம் முழுவதும் போய்விடும். ஆகவே 40 பெட்டி ஏற்ற வேண்டியவர் தொடக்கத்திலேயே ஒன்றேகால் டன் வண்டியைத் தேடுவது நல்லது.

மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குத் தனியாகப் பர்மிட் தேவையில்லை. பெரிய பிக்கப்புகளில் சில இந்த அளவைத் தாண்டக்கூடியவை. இதையும் ஆர்.சி.யில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளே பதிவாகின்றன. இவற்றில் புகை குறைவு என்பது நல்லதே. ஆனால் புகை வடிகட்டி பொருத்திய டீசல் வண்டிகளுக்கு ஒரு குணம் உண்டு. வடிகட்டியில் சேரும் கரி, வண்டி சற்று நீண்ட தூரம் சீரான வேகத்தில் ஓடிச் சூடேறினால்தான் எரிந்து சுத்தமாகும். தோட்டத்திலிருந்து பால் சொசைட்டிக்கும், சொசைட்டியிலிருந்து வீட்டுக்கும் என்று நாள் முழுவதும் நான்கு கிலோமீட்டர் ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். அடைப்பு எடுக்க ஊர் மெக்கானிக்கால் முடியாது. குறைந்த தூரம் மட்டுமே ஓட்டப்போகிறவர் பெட்ரோல் வண்டியையோ, 2020-க்கு முந்திய, நன்றாகப் பராமரித்த டீசல் வண்டியையோ எடுப்பது உத்தமம். சி.என்.ஜி. வண்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எரிவாயு நிரப்பும் இடம் சந்தைக்குப் போகும் வழியிலேயே இருந்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் வேண்டாம்.

வண்டியின் பூர்வோத்தரம்

மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுவதற்கு முன்னால், பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, யார் வீட்டு மாடு என்றும் விசாரிக்கும் விவசாயி, வண்டி விஷயத்தில் மட்டும் பளபளப்பான பெயிண்டைப் பார்த்து மயங்கிவிடுவது வியப்பே. யார் வீட்டு மாடு என்ற கேள்விதான் இங்கும் முதலாவது.

செங்கல், ஜல்லி, எம்-சாண்ட் ஏற்றிய வண்டியைத் தொடவே வேண்டாம். அதன் சேஸ், பின் அச்சு, ஸ்பிரிங் பட்டை மூன்றும் உயிரை விட்டிருக்கும். மீன், உப்பு ஏற்றிய வண்டிகளும், கடலோரத்தில் ஓடிய வண்டிகளும் வெளியே நன்றாகத் தோன்றி உள்ளே துருவேறியிருக்கும். உரக்கடை வண்டியும் அப்படித்தான். சிந்திய உரம் தொட்டியின் மூலைகளில் ஈரம் பிடித்துக்கொண்டு இரும்பை அரித்துவிடுகிறது. பிஸ்கட், பேக்கரிப் பண்டம், மருந்து போன்ற இலேசான சரக்கை ஏற்றிய வண்டிகள் கிலோமீட்டர் அதிகம் ஓடியிருந்தாலும் உடம்பு கெடாமல் இருக்கும். இரண்டு லட்சம் கிலோமீட்டர் பிஸ்கட் ஏற்றிய வண்டி, அறுபதாயிரம் கிலோமீட்டர் ஜல்லி ஏற்றிய வண்டியைவிட மேலானது என்று துணிந்து சொல்லலாம். மீட்டர் காட்டும் எண்ணைத் திருத்துவது எளிது என்பதால் அதை முழுவதும் நம்பவும் முடியாது. கிளட்ச் பெடலின் ரப்பர், ஸ்டியரிங் பிடியின் தேய்வு, டிரைவர் சீட்டின் குழி ஆகியவை மீட்டரைவிட உண்மை பேசும்.

தொட்டியின் பக்கப் பலகைகளை உயர்த்திக் கட்டியிருந்தாலோ, கூடுதல் ஸ்பிரிங் பட்டை சேர்த்திருந்தாலோ வண்டி மிகைப் பாரத்திலேயே காலம் கழித்தது என்று தெரிந்துகொள்ளலாம். விற்பவர் இதைத் "ஸ்ட்ராங் பண்ணியிருக்கிறோம்" என்று சிறப்பாகவே எடுத்துச் சொல்வார்.

புதிதாக எப்.சி. காட்டிய வண்டி என்பதும் தரகர்கள் சொல்லும் சிறப்புகளில் ஒன்று. எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எப்.சி. எடுக்க வேண்டும் என்பதால், காலக்கெடு மீதி இருப்பது வாங்குபவருக்கு மிச்சம்தான். ஆனால் எப்.சி.க்காகப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்த வண்டியில், அதற்கு முந்திய வாரம் இருந்த ஓட்டைகள் எதுவும் கண்ணில் படாது. ஒரு சிறு காந்தத்தைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தால் இரும்பு உள்ள இடத்தில் ஒட்டும், பட்டி கனமாக உள்ள இடத்தில் ஒட்டாது. அடியில் படுத்து சேஸின் இரு கைகளையும் முழு நீளத்துக்கு டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் பட்டை தொங்கும் இடங்களில் விரிசலோ, புது வெல்டிங்கோ இருந்தால் அந்த வண்டி வேண்டாம். இஞ்சினை மாற்றலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். முறிந்த முதுகெலும்புக்கு மருந்தில்லை.

பார்க்கும் நேரமும் முக்கியம். காலையில், வண்டி இரவெல்லாம் நின்று குளிர்ந்திருக்கும்போது போக வேண்டும். போகுமுன் தொலைபேசியில் சொன்னால் விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்துவிடக்கூடும். பானெட்டையோ சீட்டையோ தூக்கி இஞ்சினைத் தொட்டால் தெரிந்துவிடும். குளிர்ந்த இஞ்சின் இரண்டு, மூன்று சுற்றில் பிடித்துக்கொள்ள வேண்டும். முதலில் சற்றுப் புகை வந்து நின்றுவிட்டால் கவலையில்லை. நீல நிறப் புகை தொடர்ந்து வந்தால் இஞ்சின் ஆயில் எரிகிறது. இஞ்சின் சூடான பிறகும் வெண்புகை நிற்கவில்லை என்றால் தண்ணீர் உள்ளே இறங்குகிறதா என்று சந்தேகப்பட வேண்டும். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று காற்று அடித்து வெளியே வருமானால் பிஸ்டனும் ரிங்கும் தேய்ந்துவிட்டன என்று பொருள். ஆயில் குச்சியில் பால் கலந்த காப்பி நிறத்தில் பிசுபிசுப்பு தெரிந்தாலும், ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதந்தாலும் அத்துடன் பேச்சை நிறுத்திவிட்டு வீட்டுக்குத் திரும்பலாம். ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே திறக்க வேண்டும்.

வெறும் வண்டியை ஓட்டிப் பார்ப்பதால் பாதி உண்மைதான் தெரியும். விற்பவர் சம்மதித்தால் பத்து மூட்டையை ஏற்றி, ஒரு மேட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கிளட்ச் வழுக்கினால் இஞ்சின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் அடியில் "டொக்" என்று அடித்தால் பிராப்பல்லர் கிராஸ் தேய்ந்திருக்கிறது; அது சிறு செலவு. பின் அச்சிலிருந்து ஊளைச் சத்தம் வந்தால் கிரவுன் போயிருக்கிறது. அது பெரிய செலவு. டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்க எண், அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பொத்தான் நன்றாகத் தெரிந்தாலும் ஆறு, ஏழு ஆண்டு ஆன டயர் பாரத்தில் வெடிக்கக்கூடியது. நான்கு டயரும் மாற்ற வேண்டுமானால் அதை விலையில் கழித்துப் பேச வேண்டும்.

இவற்றையெல்லாம் விவசாயியே பார்க்கத் தேவையில்லை. நாளை இந்த வண்டியைப் பழுது பார்க்கப்போகும் உள்ளூர் மெக்கானிக்கையே அழைத்துக்கொண்டு போவது நல்லது. அவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்துவிட வேண்டும். கூலி வாங்காமல் வந்தால், விற்பவரிடம் கமிஷன் வாங்குகிறாரோ என்ற சந்தேகம் இரு பக்கமும் நிற்கும்.

காகிதங்கள்

இஞ்சின் ரிப்பேரால் நஷ்டப்பட்டவர்களைவிட, காகிதத்தைப் பார்க்காமல் வாங்கி நஷ்டப்பட்டவர்களின் துன்பம் பெரிது. ரிப்பேரைப் பணத்தால் தீர்க்கலாம். அடுத்தவர் கடனில் மாட்டிய வண்டியை எதனாலும் தீர்க்க முடியாது.

ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கம்பெனி அல்லது வங்கியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதமும், அந்தக் கம்பெனி கையெழுத்திட்ட படிவம் 35-ம் வேண்டும். "கடனெல்லாம் முடிந்துவிட்டது, பேப்பர் அடுத்த வாரம் வரும்" என்று சொல்பவரிடம், முழுப் பணமும் அடுத்த வாரமே வரும் என்று பதில் சொல்ல வேண்டும். மீதித் தவணையை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்று கைமாற்றி விடும் வழக்கமும் பரவலாக இருக்கிறது. இதில் வாங்குபவர் ஒழுங்காகத் தவணை கட்டினாலும் வண்டி அவருடையதாவதில்லை. பழைய உரிமையாளருக்கு வேறு கடன் தகராறு வந்தால் வண்டியும் அதில் சிக்கிக்கொள்ளும். இந்த முறையில் ஒருபோதும் வாங்கக் கூடாது.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29-லும் 30-லும் விற்பவர் கையெழுத்து வேண்டும். வேறு மாநிலத்து வண்டியானால் படிவம் 28-ன்படி தடையில்லாச் சான்றும் வேண்டும். வரியையும் இங்கே கட்ட வேண்டியிருக்கும். எல்லையோர மாவட்டங்களில் வெளி மாநில வண்டி மலிவாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். சேஸ் எண், இஞ்சின் எண் இரண்டையும் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்து, ஆர்.சி.யுடன் இலக்கம் இலக்கமாக ஒப்பிட வேண்டும். பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தால் எப்.சி., இன்சூரன்ஸ் ஆகியவற்றின் காலக்கெடுவைப் பார்க்கலாம். நிலுவையில் உள்ள அபராதங்களையும் பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

வாங்கியவர் 30 நாளுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். "ஓடட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று ஆண்டுக்கணக்கில் விடுவோர் உண்டு. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளராகக் கருதப்பட்டு விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே பெயர் மாற்றாத வண்டியால் விற்றவருக்கும் நிம்மதியில்லை, வாங்கியவருக்கும் இன்சூரன்ஸ் பணம் கேட்க முகமில்லை. இந்த விவசாயியே சில ஆண்டு கழித்து வண்டியை விற்கும்போதும் இது நினைவிருக்க வேண்டும்.

கடன் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், வட்டியை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று கேட்க வேண்டும். இரண்டு லட்சம் ரூபாய்க்கு நூற்றுக்கு 12 வட்டி, மூன்று ஆண்டு என்று சொல்லி, 72,000 ரூபாயை மொத்தமாகச் சேர்த்து 36 தவணையாகப் பிரித்தால் மாதம் 7,556 ரூபாய் வரும். தவணை கட்டக் கட்ட அசல் குறைகிறது. ஆனால் வட்டி முதல் நாள் அசலுக்கே வாங்கப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்குப் பார்த்தால் இது ஆண்டுக்கு 21 சதவீதத்துக்கும் மேல். 12 என்று சொன்னது 21 ஆவது இப்படித்தான். இதைவிடக் கூட்டுறவு சங்கத்தில் நகைக்கடன் பெறுவது பல இடங்களில் மலிவாக அமையும். என்றாலும் வீட்டில் இருக்கும் நகை முழுவதையும் வண்டிக்காக வைத்துவிடக் கூடாது. மழை பொய்த்த ஆண்டில் விதைக்கும் உரத்துக்கும் அடுத்தாற்போல் கை நீள்வது அந்த நகையை நோக்கித்தான். கையிலுள்ள தொகையில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்துவிட்டு, மீதிக்குள் அடங்கும் வண்டியைத் தேட வேண்டும். முதல் மாதத்திலேயே ஆயில்கள், வடிகட்டிகள், பெல்ட், பிரேக், பேட்டரி என்று அந்தப் பங்கு செலவாகிவிடும். அதைச் செய்யாமல் ஓட்டத் தொடங்கியவர்தான் மூன்றாவது வாரம் லோடுடன் நடுவழியில் நிற்கிறார்.

தொட்டியில் ஆட்களை ஏற்றுவது

வண்டி வீட்டுக்கு வந்த மறுநாளே அதில் நாற்று நடவுக்கும் களை எடுப்புக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு போவது கிராமங்களில் சாதாரணமாகிவிட்டது. பத்து, பதினைந்து பேர் தொட்டியில் நின்றுகொண்டு போகிறார்கள். ஒரு வளைவில் வண்டி சாய்ந்தால் என்ன ஆகும் என்பதைச் செய்தித்தாள் படிப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் பிறகு என்ன ஆகும் என்பது பலருக்குத் தெரியவில்லை.

சரக்கு வண்டியின் இன்சூரன்ஸ், சரக்கின் உரிமையாளருக்கோ அவர் அனுப்பிய பிரதிநிதிக்கோ பொருந்தும். சும்மா ஏற்றிச் செல்லப்படும் பயணிகளுக்குப் பொருந்தாது என்பதை உச்ச நீதிமன்றம் 2002-லேயே தெளிவுபடுத்திவிட்டது. அப்படியானால் காயம்பட்டவர்களுக்கும் இறந்தவர் குடும்பங்களுக்கும் வழங்க வேண்டிய இழப்பீடு வண்டியின் உரிமையாளர் தலையில் விழுகிறது. அவருடைய சொத்து என்பது அந்த மூன்று ஏக்கர்தான். அதை விற்றாலும் இழப்பீட்டுக்குப் போதாது. இழந்த குடும்பத்துக்கும் ஒன்றும் கிடைப்பதில்லை. ஒரே தெருவில் இருக்கும் இரண்டு குடும்பங்கள் ஒரே நாளில் அழிந்துபோகின்றன. "நம்ம ஊர் ஆட்கள்தானே, எப்படி நடக்க விடுவது" என்று இரக்கத்தால் ஏற்றுபவர்களே அதிகம். அந்த இரக்கத்தை ஷேர் ஆட்டோவுக்கு வாடகை கொடுப்பதில் காட்டலாம். கிளீனர் சீட்டில் ஆர்.சி.யில் உள்ள இருக்கைக் கணக்குப்படி ஆள் உட்காரலாம். தொட்டி பெட்டிகளுக்கும் மூட்டைகளுக்கும் மட்டுமே உரியது.

ஓட்டுபவரைப் பற்றியும் ஒரு செய்தி. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உள்பட்ட சரக்கு வண்டிகளை இலகு ரக வாகன லைசென்ஸ் உள்ளவரே ஓட்டலாம், தனி அனுமதி தேவையில்லை என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. கார் ஓட்டும் லைசென்ஸ் வைத்திருக்கும் விவசாயிக்கு இது பெரிய வசதி. ஆனால் வயதைப் பற்றிய விதி வேறு. 20 வயது நிரம்பாதவர் போக்குவரத்து வண்டி எதையும் பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது. பதினெட்டு வயதில் லைசென்ஸ் எடுத்துவிட்ட மகனிடம் சந்தை லோடை ஒப்படைத்து அனுப்பும் தந்தையர் ஏராளம். 20 நிரம்பும் வரை பையன் பெட்டிகளை ஏற்றி இறக்கட்டும், சந்தையில் எடை போடும் இடத்தில் நிற்கட்டும். ஸ்டியரிங்கைத் தந்தையே பிடிக்க வேண்டும்.